மலை வீதி மூடிவிட்டால் என்ன செய்வது? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பதுளை, கண்டி போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"பதுளை வீதி மூடியாச்சாம்" என்று மாரி காலத்தில் ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் வந்து விழுந்தால், அடுத்த அரை மணிக்குள் அதே செய்தி நாலு விதமாகச் சுற்றும். பசறையில் மண் சரிந்தது என்பார் ஒருவர், லுணுகலையில் பாலம் போய்விட்டது என்பார் இன்னொருவர், மூன்றாமவர் எந்த வருடத்துப் படம் என்றே தெரியாத ஒன்றை அனுப்புவார், நாலாமவர் "நான் இப்பதான் அந்தப் பக்கத்தால வந்தனான், ஒண்டும் இல்லை" என்பார். இதற்குள் கிளினிக் போக வேண்டியவர், கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர், வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற லொறிக்காரர் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலை இறங்கி ஊரையும் வீதியையும் சேர்த்தே மூடியது. அதற்குப் பிறகும் நம் பக்கத்திலிருந்து மேலே போகிறவர்கள் பலர் "போய்ப் பார்ப்போம், தடுத்தால் திரும்புவோம்" என்றுதான் புறப்படுகிறார்கள். மலை வீதியில் அந்தக் கணக்குச் சரிவராது. தடுப்பு போட்டிருக்கும் இடத்துக்கு வந்து சேருவதற்குள் ஆபத்தான பத்து வளைவுகளைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள், திரும்பினாலும் அதே பத்து வளைவுதான். முடிவை வீட்டிலேயே எடுங்கள், தவறினால் பதியத்தலாவைச் சந்தியில் எடுங்கள், அதுவும் தவறினால் பிபிலைதான் கடைசி இடம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த முடிவை எப்படி எடுப்பது, எடுத்தபின் எப்படிப் போவது என்பதைப் பற்றித்தான்.

முதலில் வீதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் "பதுளை வீதி" என்று சொல்வது ஏ5 நெடுஞ்சாலையின் கீழ்ப்பகுதி. பேராதனையில் தொடங்கி கம்பளை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்கு வந்து, அங்கிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகா ஓயா, புல்லுமலை, கரடியனாறு என்று இறங்கி செங்கலடியில் வந்து முடிகிறது. அம்பாறைக்காரர் உகனை வழியாக ஏ27இல் வந்து மகா ஓயாவில் இதோடு சேருவார்கள். பதியத்தலாவையில் வீதி இரண்டாகப் பிரியும்: ஒன்று பிபிலைக்கு, மற்றது ஏ26 ஆக மகியங்கனைக்குப் போய், ஹசலக்கவுக்கு மேலே அந்தப் பெயர்பெற்ற 18 வளைவுகளில் ஏறி, உடுதும்பர, ஹுன்னஸ்கிரிய தாண்டிக் கண்டிக்குப் போகிறது.

செங்கலடியிலிருந்து பிபிலை வரைக்கும் பெரும்பாலும் சமதரைதான். அங்கே மாரியில் பயம் வெள்ளமும் யானையும். பிபிலை தாண்டினால்தான் ஏற்றம் தொடங்கும். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் அதலபாதாளம். அழகென்றால் அப்படியொரு அழகு; தேயிலை, பனிமூட்டம், தூரத்தில் நமுனுகுலை மலை. ஆனால் 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் மைல்கல் அருகே பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்ததும் இதே துண்டில்தான். மலையிலிருந்து விழுந்த பாறை ஒன்று அகற்றப்படாமல் வீதியை அந்த இடத்தில் ஒடுக்கிக்கொண்டிருந்தது. மண்சரிவு விழுகிற அன்று மட்டும்தான் ஆளைக் கொல்லும் என்று நினைக்காதீர்கள். அது விட்டுப்போகிற ஒடுங்கிய வீதியும் கொல்லும்.

நம் மழையும் அவர்கள் மழையும் ஒன்றுதான்

கண்டிக்கு மேற்கே இருக்கிற மலைகள் வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேல் பருவக்காற்றில் நனைகின்றன. லுணுகலை, பசறை, மடுல்சீமைப் பக்கம் அப்படியில்லை. கிழக்கைப் பார்த்த சரிவுகள் என்பதால் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் நமக்குப் பெய்கிற அதே வடகீழ் மழைதான் அங்கேயும் கொட்டுகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் முதலில் நனைவது நாம், அடுத்தது அந்த மலைகள். ஆகவே மட்டக்களப்பில் இரண்டு நாள் விடாமல் பெய்து மூன்றாம் நாள் வெயில் அடித்தால், "மழை விட்டுட்டுது, போகலாம்" என்று புறப்படுவது சரியில்லை. மலைக்குள் இறங்கிய தண்ணீர் அப்போதுதான் மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவில் போய்ச் சேர்ந்து, மேல் மண்ணின் பிடியைத் தளர்த்திக்கொண்டிருக்கும். வெயில் அடிக்கிற பகலில், மழை விட்டுப் பல மணி நேரத்துக்குப் பிறகு சரிந்த மலைகளும் உண்டு. பெருமழை ஓய்ந்தபின் குறைந்தது இரண்டு நாள் பொறுங்கள். எச்சரிக்கை நீங்காவிட்டால் இன்னும் பொறுங்கள்.

படி 1: சரியான தகவலை எடுங்கள்

வட்ஸ்அப்பைத் தகவலாக எடுக்காதீர்கள், விசாரிக்கத் தூண்டுகிற ஒரு காரணமாக மட்டும் எடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுகிற அதிகாரம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான் இருக்கிறது. அவர்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று கட்டமாக அறிவிப்பார்கள். மஞ்சள் என்றால் அவதானமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் சிவப்புத்தான். அறிவிப்பு எத்தனை மணி வரைக்கும் செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும், பிறகு நீடிப்பார்கள் அல்லது எடுப்பார்கள். நேற்றைய அறிவிப்பைப் பார்த்து இன்று புறப்படாதீர்கள்.

அறிவிப்பில் மாவட்டப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடாமல் பிரிவின் பெயரைத் தேடுங்கள். பதுளை வீதிக்குப் போகிறவருக்கு வேண்டியது லுணுகலை, பசறை, பதுளை. மகியங்கனை வழியாகப் பதுளை போனால் மீகஹகிவுல, கந்தகெட்டிய. கண்டிக்கு 18 வளைவால் ஏறினால் மினிப்பே, உடுதும்பர, மெததும்பர. பண்டாரவளைப் பக்கம் போனால் எல்ல, ஹல்துமுல்ல, ஹப்புத்தளை. உங்கள் வழியில் ஒரு பிரிவு செம்மஞ்சளில் இருந்தாலும் அந்த வழியை விடுங்கள். மஞ்சள் என்றால், அவசரமில்லாத பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

அடுத்தது போன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 நாள் முழுவதும் இயங்கும், தமிழிலும் கேட்கலாம். பொலிஸ் 119. இதைவிட நல்ல தகவல் அந்த இடத்தில் இருக்கிற ஆளிடம்தான் கிடைக்கும்: லுணுகலை, பசறைத் தோட்டங்களில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியில் ஓடுகிற பஸ் சாரதி, கொண்டக்டரைக் கேளுங்கள். "வீதி திறந்திருக்கா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்கு பஸ் போனது? பெரிய பஸ்ஸா, சின்ன வானா? ஒரு பக்கம் மட்டும் விடுகிறார்களா? இரவிலும் விடுகிறார்களா? இப்போது மழை பெய்கிறதா, எப்போதிருந்து?

மேலே நெருங்கிய உறவு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு தகரப் பேணியை, கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத திறந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, ஊற்றிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் மஞ்சளுக்கு வந்துவிட்டது, பத்து என்றால் செம்மஞ்சள், பதினைந்து என்றால் அந்த வீட்டுக்காரர் பேணியைப் பார்த்துக்கொண்டு நிற்கவே கூடாது, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் மழை வேறுபடும் என்பதால் வானொலி சொல்கிற அளவைவிட இந்தப் பேணி சில நாட்களில் உண்மை சொல்லும். உங்கள் பயணத்துக்கு மட்டுமல்ல, அவர்களின் உயிருக்கும் இது உதவும்.

படி 2: போகத்தான் வேண்டுமா?

கல்யாணம், கோயில், சுற்றுலா எல்லாம் ஒத்திப்போடக்கூடியவை. மருந்து அப்படியில்லை. பதுளையிலோ கண்டியிலோ கிளினிக் இருக்கிறவர்கள் முதலில் அந்த கிளினிக்குக்கு போன் பண்ணி, வரமுடியாத நிலைமையைச் சொல்லி, அதே மருந்தை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ எடுக்கலாமா என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் மருந்துச் சிட்டையையும் போனில் படமெடுத்து வையுங்கள், நனைந்து கிழிந்தாலும் கையில் இருக்கும். ஐப்பசி பிறந்ததும் இரண்டு கிழமைக்கான மருந்தைக் கூடுதலாக எடுத்துவைப்பது மாரி முழுவதற்கும் நிம்மதி. திடீரென்று கடுமையானால் சொந்த வாகனத்தில் மலை ஏறாதீர்கள், 1990க்கு அழையுங்கள்.

மரக்கறி, பழம் ஏற்றுகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: மூடிய வீதி எப்போது திறக்கும் என்று நம்பி லுணுகலையில் லொறியைப் போட்டுக் காத்திருப்பதைவிட, தம்புள்ளைப் பக்கமாக இறக்கிக் கொண்டுவருவது செலவு கூடினாலும் நல்லது. கரட், லீக்ஸ் அழுகும். சாரதியின் நித்திரையும் கெடும், நித்திரை கெட்ட சாரதியின் கையில் மலை வீதியைக் கொடுக்கக் கூடாது.

படி 3: சுற்றுப்பாதையைத் தெரிவு செய்யுங்கள்

கண்டிக்குப் போகிறவருக்கு விடை எளிது. 18 வளைவை மறந்துவிடுங்கள். வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போங்கள். தூரம் கூட, ஆனால் மாத்தளை நெருங்கும்வரைக்கும் மலை வேலையே இல்லை. இதில் ஒரு சிக்கல் மன்னம்பிட்டி. மலைநாட்டில் பெருமழை பெய்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் மகாவலியில் இறங்கி, ஓரிரு நாளில் மன்னம்பிட்டிப் பக்கம் பரவி வீதியையும் ரயில் பாதையையும் மூடும். அதாவது மலை வீதி மூடுகிற அதே கிழமையில் இதுவும் மூடலாம். அப்படியானால் திருகோணமலைக்குப் போய் கந்தளாய் வழியாக ஹபரணைக்கு ஏறலாம், வாகரைக்கு அப்பால் வெருகல் பக்கம் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான்.

பதுளைக்கு விடை அவ்வளவு எளிதில்லை. எந்தப் பக்கத்தால் போனாலும் எங்கேயோ ஓரிடத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் மூடினால் பதியத்தலாவையில் மகியங்கனைக்குத் திரும்பி மீகஹகிவுல வழியாக ஏறலாம், அதுவும் சரிவு விழுகிற பாதைதான். பிபிலையிலிருந்து மெதகம வழியாக மொனராகலைக்கு இறங்கிப் பசறைக்கு ஏறலாம், அதுவும் அப்படியே. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறுகிற வீதியில் இராவணன் எல்ல நீர்வீழ்ச்சிப் பக்கம் கல் விழுவது வழமை, மழைக்கு இரவில் மூடியும் விடுவார்கள். பெரகலைக்கு ஏறுகிற கொஸ்லந்தைப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயன்களை மலை மூடியது அங்கேதான். ஆகவே பதுளை, பண்டாரவளைக்கு சுற்றுப்பாதை தேடி அலைவதைவிட, காத்திருப்பதே பெரும்பாலும் நல்ல தீர்மானம். வழி மாறினால் ஆபத்துக் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், பெயர்தான் மாறும்.

கொழும்புக்குப் போகிறவர்கள் மலையைத் தொடவே வேண்டாம். ஹபரணை வழி வெள்ளத்தில் இருந்தால் தெற்கால் போங்கள்: கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய. அங்கே மேலே ஏறாமல் தணமல்வில பக்கம் இறங்கி, மத்தளையில் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடித்தால் நேரே கொழும்புப் பக்கம். அம்பாறையிலிருந்து போகிறவர் தமணை வழியாகவே சியம்பலாண்டுவக்கு வந்துவிடலாம். நீண்ட பயணம்தான், இரண்டு சாரதி இருந்தால் நல்லது. ரயில் ஓடினால் இன்னும் நிம்மதி. கண்டிக்குப் போகிறவர்கூட உதயதேவியில் ஏறிப் பொல்கஹவெலயில் மாறலாம், மலையக ரயில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

படி 4: புறப்படுமுன்

பெற்றோலோ டீசலோ முழுத் தாங்கி அடியுங்கள். மின்சாரம் போனால் மேலே பம்ப் இயங்காது. வங்கி அட்டையும் வேலை செய்யாது என்பதால் கையில் காசு வையுங்கள். போனுக்கு சார்ஜ், கூடுதலாக ஒரு பவர் பேங்க். டோர்ச், கயிறு, மண்வெட்டி, மழை உடுப்பு, ஒரு போர்வை (பதுளை இரவு நமக்குத் தாங்காது), ஒரு நாளுக்கான தண்ணீர், பிஸ்கட், பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் மருந்து. டயர் தேய்ந்திருந்தால் போகவே வேண்டாம். பிரேக்கையும் வைப்பரையும் செங்கலடியில் பாருங்கள், லுணுகலையில் பார்த்துப் பிரயோசனமில்லை. வீட்டில் ஒருவரிடம் எந்த வழியால் போகிறீர்கள், எந்தெந்த ஊரில் போன் பண்ணுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரத்துக்கு அழைப்பு வராவிட்டால் அவர் 117க்கு எடுக்கட்டும்.

வெள்ளம் கடக்கிற இடத்துக்கு ஒரு கணக்கு: ஓடுகிற தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், இரண்டு அடி என்றால் வானையும் ஜீப்பையும் இழுக்கும். முன்னால் போன லொறி போய்விட்டது என்று பின்னால் இறங்காதீர்கள்.

படி 5: மலையில் ஓடும்போது

விடியற்காலை மகா ஓயா தாண்டி, வெளிச்சம் வந்தபின் பிபிலையில் ஏறத் தொடங்குங்கள். இரவிலும் மூடுபனியிலும் வீதியில் கிடக்கிற கல் தெரியாது. பிபிலையில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, மேலேயிருந்து இறங்கி வருகிற வாகனங்களைப் பாருங்கள். அரை மணி நேரமாக ஒன்றுமே இறங்கவில்லையென்றால் ஏறாதீர்கள். இறங்கி வருகிறவர்களிடம் சிங்களத்தில் "நாய கிஹில்லாத?" என்று கேட்டால் மண் சரிந்திருக்கிறதா என்று சொல்வார்கள். லுணுகலையில் தமிழிலேயே கேட்கலாம்.

ஏறும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பாட்டை நிறுத்தி வையுங்கள். மலை சரிவதற்கு முன் சத்தம் வரும்: கல் உருளுகிற சத்தம், மரம் முறிகிற சத்தம். மழை நேரத்தில் பார்க்க வேண்டியவை சில. வெட்டிய மலைப்பக்கத்தில் சின்னச் சின்னக் கற்கள் தாருக்கு உருண்டு வந்திருந்தால், மேலே ஏதோ அசைகிறது. மின்கம்பமோ மரமோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதுவும் புதிதாகச் சாய்ந்த மாதிரி இருந்தால், அங்கே நிறுத்த வேண்டாம். ஓரக் கானில் ஓடுகிற தண்ணீரைக் கவனியுங்கள். தெளிவாக ஓடியது திடீரென்று பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால், மலைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது. ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றாலும் அதே அளவு பயப்படுங்கள், தண்ணீர் உள்ளே எங்கோ அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது.

மிக முக்கியமானது தாரில் இருக்கிற வெடிப்பு. பள்ளப் பக்கத்து ஓரத்தில் பிறை வடிவில், இரண்டு முனையும் பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு வெடிப்பு தெரியும். அதற்கு வெளியே இருக்கிற தார் ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கும், வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், வெள்ளைக் கோடு அந்த இடத்தில் உடைந்து ஒரு படி கீழே தொடரும். பார்க்கச் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் அந்தத் துண்டு வீதி கீழே போகத் தயாராக நிற்கிறது. எதிரே வாகனம் இல்லையென்றால் மலைப்பக்கமாக ஒதுங்கி மெதுவாகத் தாண்டுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள், வலையமைப்புக் கிடைத்ததும் 117க்கும் சொல்லுங்கள். ஒரு கொப்பை வெட்டி, ஓரத்தில் பாதுகாப்பாகத் தெரிகிற மாதிரிப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம் சாரதிகளிடம் இருக்கிறது, நல்ல பழக்கம்.

படமெடுக்க நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மழைக்குப் பிறகு வீதியோரத்தில் புதிது புதிதாக நீர்வீழ்ச்சி விழும், பிள்ளைகளை அதற்குக் கீழே நிறுத்திப் படமெடுப்பார்கள். வழமையில் அந்த இடத்தில் தண்ணீரே இராது. கொள்ளமுடியாத அளவு குடித்துவிட்ட மலை அந்த வழியால் வெளியே விடுகிறது, அடுத்ததாக அதே வழியால் மண்ணும் கல்லும் வரலாம். வெட்டிய மலைக்கு அடியில் தேநீர் குடிக்கவும் நிற்காதீர்கள், டயர் மாற்றவும் நிற்காதீர்கள். டயர் காற்றுப் போனாலும் வளைவு தாண்டி, மேலே வெட்டு இல்லாத இடம் வரைக்கும் உருட்டுங்கள். டயர் போனால் போகட்டும்.

இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிற வாகனத்துக்கு வழிவிட்டு நில்லுங்கள். ஒடுங்கிய இடத்தில் பஸ்ஸில் போகிறவர்கள், சாரதி வேகம் எடுத்தால் வாய்திறந்து சொல்லுங்கள்: "அண்ணன், மெதுவாப் போங்கோ, நேரம் பிந்தினாலும் பரவாயில்லை." நாலு பேர் சொன்னால் கேட்பார்.

படி 6: முன்னால் சரிந்துவிட்டால்

நிறுத்துங்கள், பின்னால் எடுங்கள். விழுந்த மண்ணுக்குக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாம், முதல் சரிவைப் பார்க்கக் கூடுகிற ஆட்களின் மேல்தான் இரண்டாவது சரிவு விழுகிறது. வளைவுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி வருகிற வாகனங்களை மறியுங்கள். 117க்கும் 119க்கும் எடுத்து, பக்கத்தில் இருக்கிற கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தைச் சொல்லுங்கள். "பசறைக்குக் கிட்ட" என்றால் தேடுகிறவர்களுக்கு நேரம் போகும்.

மண் உங்களை நோக்கி வருகிறதென்றால் வாகனத்தை விட்டுவிட்டு, சரிவு வருகிற திசைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஓடுங்கள். கீழ்நோக்கி ஓடினால் அது உங்களைவிட வேகமாக வரும். ஓடைப் பள்ளங்களுக்குள் இறங்காதீர்கள். ஓடவே வழியில்லையென்றால் குனிந்து சுருண்டு தலையை இரண்டு கையாலும் மூடுங்கள்.

நடுவில் அகப்பட்டு, முன்னாலும் பின்னாலும் மூடிவிட்டால், வெட்டு மலைக்கு அடியில் வாகனத்துக்குள் இரவைக் கழிக்காதீர்கள். பக்கத்துப் பாடசாலை, கோயில், விகாரை, பள்ளிவாசல், தோட்டத்து அலுவலகம் எதையாவது தேடி நடந்து போங்கள், அந்தக் கட்டிடமும் சரிவுக்கு அடியில் இல்லை என்று பார்த்துக்கொண்டு. அங்குள்ளவர்கள் உங்களைப் பட்டினி போட மாட்டார்கள்; டித்வாவின்போது தங்கள் வீட்டையே இழந்தவர்கள்கூட வழியில் நின்றவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள்.

படி 7: "திறந்தாச்சு" என்றபின்

பெக்கோ வந்து மண்ணை அள்ளி ஒரு வாகனம் போகிற அளவு வழி எடுத்ததும் "திறந்தாச்சு" என்ற செய்தி வந்துவிடும். ஆனால் மேலே நிற்கிற மலை அதே மலைதான், அடியைத் தாங்கிக்கொண்டிருந்த மண்ணையும் அள்ளியாச்சு. முதல் சில நாட்களில் பகலில் மட்டும், ஒரு பக்கமாக, கனரக வாகனம் இல்லாமல் விடுவார்கள். அந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரைக்கும் அவசரக்காரர்கள் மட்டும் போகட்டும். கட்டுப்பாடு நீங்கி, பெரிய பஸ் வழமை போல ஓடத் தொடங்கி, இன்னொரு நல்ல மழையையும் அந்த இடம் தாங்கிவிட்டது என்று கேட்டபின் குடும்பத்தோடு போங்கள். நிரந்தர வேலை, அதாவது கம்பி வலைக்குள் கல் நிரப்பிய தாங்குசுவர், மேலே தண்ணீர் இறங்கக் கான், புது மதகு எல்லாம் மாதக் கணக்கில், சில இடத்தில் வருடக் கணக்கில் எடுக்கும்.

பஸ்ஸில் போனால் சரிவுக்கு இந்தப் பக்கம் இறக்கி, நடந்து கடக்கவிட்டு, அந்தப் பக்கம் வேறு பஸ்ஸில் ஏற்றுவதும் நடக்கும். இரண்டு கையும் வெறுமையாக இருக்கிற மாதிரி முதுகுப் பையோடு போங்கள், சேறு ஒட்டினாலும் கழராத சப்பாத்துப் போடுங்கள். கூட்டமாக நின்று கதைக்காமல், இடைவெளி விட்டு, மேலே பார்த்தபடி வேகமாகக் கடந்துவிடுங்கள். மழை தூறத் தொடங்கிவிட்டால் நடக்கவே வேண்டாம்.

உதவிப் பொருள் ஏற்றிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் சனம் கைகொடுக்கிற சனம், 1978 சூறாவளியிலும் சுனாமியிலும் அடிபட்டதால் அடுத்தவர் பாடு தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக லொறி எடுத்து ஏறினால் ஒடுங்கிய வீதி அடைபட்டு, பெக்கோவும் அம்புலன்சும் போகமுடியாமல் நிற்கும். அந்தப் பிரதேச செயலகத்துக்கு முதலில் போன் பண்ணுங்கள், என்ன தேவை, எந்த நாளில், எந்த இடம் வரைக்கும் லொறி வரலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பிபிலையிலோ மகியங்கனையிலோ இறக்கிச் சின்ன வாகனத்தில் மாற்றுவதுதான் நல்லது.

படி 8: திரும்பி வரும்போது

பதுளையில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆறுதலாகப் புறப்படுகிறவர்கள்தான் இரண்டு பக்கத்தாலும் மாட்டுகிறார்கள். பிற்பகலில் மழை பிடித்தால், லுணுகலை இறக்கத்தில் அது உங்களைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து தப்பி இறங்கினாலும் மகா ஓயாவுக்கும் கரடியனாற்றுக்கும் இடையில் இருட்டிவிடும், புல்லுமலைப் பக்கம் யானை வீதிக்கு வருகிற நேரம் அது. ஆகவே பதுளையிலிருந்து காலை எட்டு மணிக்கு முன் புறப்பட்டுவிடுங்கள். பிந்திவிட்டால் அன்று இரவு அங்கேயே தங்குங்கள். காலையில் முதல் பஸ் பசறையைத் தாண்டியதா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வாகனத்தை எடுங்கள்.